அவரை விதைக்குச் சூடு காட்டியவன்

எனக்குப் பூச்சி என்றால் ஆகாது. பயம் இல்லை, அருவருப்பு. பாம்பைக் கண்டால்கூட நின்று பார்ப்பேன். ஒரு வண்டு சட்டைக் கையில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், தரம் பார்க்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். வெள்ளை நூலில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் கண்டுபிடித்துக் கழித்துக் கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. சாப்பாட்டுத் தட்டிலும் தண்ணீர்ச் செம்பிலும் தலையணை உறையிலும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அவரைக்கொடி வளர்க்கிற மனைவி வாய்த்தாள்.

அவள் சுந்தரபாண்டியத்துக்காரி. கல்யாணம் முடிந்து வந்த வருடமே பின்வாசலில் கம்பி நட்டு, நைலான் கயிறு கட்டிப் பந்தல் போட்டுவிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த விதை. அகலமான காய், பச்சை உடம்பு, ஓரத்தில் மட்டும் ஊதா நிறம். கடை அவரையை அவள் வாயில் வைக்க மாட்டாள். ஆடியில் ஊன்றினால் மார்கழிப் பனியில் பூத்துத் தையில் காய்க்கும். பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் நானும் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவேன், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் காய் எப்படி விளைகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தயக்கம் வரும்.

தண்டு முழுவதும் கருப்புப் பேன் அப்பிக் கிடக்கும். நகர்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி, ஈரமாக, மொத்தமாக நகரும். அதை அவள் வெறும் விரலால் உருவி எடுப்பாள். விரல் பச்சையும் கருப்புமாகப் பிசுபிசுக்கும். அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தோசை வேணுமா, உப்புமா வேணுமா?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கு இரண்டும் வேண்டியிருக்காது. இது போக நாற்றப்பூச்சி வேறு. ஒன்று நசுங்கினால் பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்தாலும் மூக்கில் நிற்கும். காயைப் பிளந்தால் உள்ளே பச்சைப் புழு, அதன் பின்னால் அதன் எச்சம். "புழு தின்னா நல்ல காய்னு அர்த்தம்" என்பாள். நான் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

விதைக்கென்று கொடியின் நடுவில் பத்து இருபது கொத்துகளைப் பறிக்காமல் விட்டுவிடுவாள். தெருப் பெண்கள் காய் கேட்டு வந்தால் பை நிறையப் பறித்துக்கொள்ளலாம், அந்தக் கொத்துகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. அவை முற்றிச் சருகாகி, ஆட்டினால் உள்ளே கலகலக்கும் வரை காத்திருப்பாள். பிறகு உரித்து மூன்று நாள் வெயிலில் காயவைப்பாள். கருப்பு விதை, ஒரு ஓரத்தில் வெள்ளைக் கோடு. தெருமுனையில் துணி தேய்ப்பவரின் பெட்டியிலிருந்து கரிச்சாம்பல் வாங்கி வந்து, விதையில் பூசி, வேப்பிலை போட்டு ஒரு பழைய பால் பவுடர் டின்னில் அடைப்பாள். அந்த டின் இருக்கும் இடம், அடுப்புக்கு மேல் தட்டில், காப்பித்தூளுக்குப் பக்கத்தில்.

அவள் கைக்கு ராசி என்று எங்கள் தெருவில் பெயர். ஆடி பிறந்தால் ஐந்தாறு வீடுகளில் அவளைக் கூப்பிட்டு முதல் விதையை ஊன்றச் சொல்வார்கள். விதையும் அவளுடையதுதான். எதிர்வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர், எழுபதைத் தாண்டியவர். சித்திரையில் ஆவக்காய் போடும்போது மாங்காய், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எல்லாம் அளந்து வைத்துவிட்டு, "நீ வந்து கலக்கிவுடு அம்மாயி, நீ கை வெச்சா பூசணம் பிடிக்காது" என்று இவளுக்காகக் காத்திருப்பார். முழங்கை வரை மசாலாவோடு திரும்பி வரும்போது அவள் முகம் பார்க்கும்படி இருக்கும். நான் கிண்டல் செய்வேன். "கையைக் கொண்டுபோய் மியூசியத்துல வச்சிரலாம்" என்பேன். அவள் காதில் வாங்க மாட்டாள்.

போன வருடம் வைகாசியில் அவளுடைய அண்ணன் பேத்திக்குச் சடங்கு. மூன்று நாள் சுந்தரபாண்டியத்தில் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். இரண்டாம் நாள் மத்தியானம் நானே காப்பி போட்டுக் குடித்தேன். பாதி தம்ளரில் பல்லுக்கிடையில் ஏதோ ஒன்று மொறுக்கென்றது. துப்பிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு வண்டு. கால் இன்னும் இருந்தது.

வாயைப் பத்துத் தடவை கொப்பளித்தேன். பிறகு தட்டில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பால் பவுடர் டின்னின் மூடி சரியாக உட்காரவில்லை. திறந்தேன். சாம்பல் அசைந்தது. விதைகளின் மேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாக முட்டை, குத்தூசியால் போட்ட மாதிரி வட்ட வட்டமாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தலை. சில தலைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. காதருகே வைத்தால் சத்தம்கூடக் கேட்டது. ஒன்று என் மணிக்கட்டில் ஏறியது. நான் டின்னைக் கீழே போடாமல் இருந்ததே பெரிது.

குப்பையில் கொட்டியிருக்கலாம். கொட்டினால் அவள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது. ரவையில் வண்டு வராமல் இருக்க என்ன செய்வோம்? இரும்புச் சட்டியில் போட்டு லேசாக வறுத்து வைப்போம். எங்கள் ஊரில் எந்தச் சமையல்கட்டிலும் இதுதான் வழக்கம். பாசிப்பயறுக்கும் உளுந்துக்கும்கூட அவளே சூடு காட்டி வைப்பாள். ரவைக்கு ஆகிற வைத்தியம் அவரை விதைக்கு ஆகாதா? கை பொறுக்கிற சூடு போதும், வண்டு ஓடிவிடும், விதை பிழைத்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

சட்டியை அடுப்பில் வைத்துச் சாம்பலோடு விதையைக் கொட்டினேன். சூடு ஏறியதும் வண்டுகள் கிளம்பின. ஓட்டைகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. சட்டியின் ஓரத்தில் ஏறி ஓடியவற்றைக் கரண்டியால் உள்ளே தள்ளினேன். பார்க்க அருவருப்பாக இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஒரு வெறி வந்துவிட்டது. தீயைக் கூட்டினேன். வண்டுகள் படபடவென்று வெடித்தன. கொஞ்ச நேரத்தில் வறுத்த பயறு வாசனை வந்தது. நல்ல வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறியபோதே காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்லிக்கொள்ள முடியாமல் இருப்பது அந்த வாசனையால்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் கேவலம். விதையை ஆறவைத்துச் சலித்தேன். துணி தேய்ப்பவரிடம் போய்ப் புதுச் சாம்பல் வாங்கி வந்து பூசினேன். வேப்பங்கொழுந்து பறித்துப் போட்டேன். டின்னைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். ஊரிலிருந்து வந்தவள் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பூச்சியெல்லாம் பொறுக்கிச் சாம்பல் வேற மாத்தி வச்சிருக்கீங்க" என்றாள். அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். பூச்சியைத் தொடாத மனுசன் எனக்காகத் தொட்டார் என்று. நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆடியில் வழக்கம்போல ஊன்றினாள். எங்கள் வீட்டில் ஆறு குழி, தெருவில் ஐந்து வீடு. குழிக்கு மூன்று விதை. ஒரு வாரம் ஆனது, பத்து நாள் ஆனது. ஒரு குழியிலும் ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் எலி, எறும்பு என்று சொல்லலாம். ஐந்து வீட்டிலும் வரவில்லை. அவள் ஒரு குழியை விரலால் கிளறி எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள். ஊறி, அழுகி, கொழகொழவென்று, உள்ளே நூல்போல் வெள்ளைப் புழு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரி சரி, உங்களுக்குப் பிடிக்காதுல்ல" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் எதற்குத் திருப்பினேன் என்று அவளுக்குத் தெரியாது.

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். ஊன்றுவதற்கு முந்தின நாள் தளவாய்புரத்தில் ஒரு துட்டி வீட்டுக்குச் சாவு விசாரிக்கப் போய் வந்திருந்தாள். தலை முழுகித்தான் வந்தாள். இருந்தாலும் அந்தக் கையோடு விதையைத் தொட்டிருக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் நல்லவிதமாகத்தான் சொன்னாள். "இந்த வருசம் அக்கா கைக்கு வரலை. விடுங்க, அடுத்த வருசம் பாப்போம்." அந்த "கைக்கு வரலை" தெருவில் நின்றுவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இட்லி மாவைக் கையால் கரைக்கிறவள் கரண்டி போட ஆரம்பித்தாள். கை படாத மாவு சரியாகப் புளிக்கவில்லை. "பாத்தீங்களா" என்றாள். என்ன பார்ப்பது? கரண்டியால் கரைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அதைச் சொன்ன வாய்க்கு மற்றதைச் சொல்ல வரவில்லை. அடுத்தவர் குறையை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். நூலில் அழுக்குப் பட்ட ஒவ்வொரு தடவையும் எந்த ஷிப்டு, எந்த மெஷின், எந்த ஆள் என்று விடாமல் கேட்டு எழுதியவன். என் கையால் கெட்டது என்று நாலு வார்த்தை சொல்ல ஒரு வருடம் போதவில்லை. வாய் திறக்கிற ஒவ்வொரு தடவையும், அந்தப் புதுச் சாம்பல் ஞாபகம் வந்து அடைத்துவிடும். வறுத்ததைச் சொல்லிவிடலாம், மறைத்ததை எப்படிச் சொல்வது?

இந்தச் சித்திரையில் எதிர்வீட்டு அம்மா எப்போதும்போல ஆவக்காய்க்குக் கூப்பிட்டார். இவள் வாசலிலேயே நின்று, "என் கை இப்பம் சரியில்லம்மா, வேற யாரையாவது கலக்கச் சொல்லுங்க" என்றாள். "பிச்சியா நீ? வா லோபல" என்று, பைத்தியமா என்று தெலுங்கில் வைதபடி அவர் இவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இவள் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே வந்து தொட்டிக் குழாயைத் திறந்து கை கழுவினாள். ஒன்றையும் தொடாமல் வந்தவள் எதற்குக் கழுவினாள்? நான் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். காப்பியில் வண்டைக் கடித்த அன்றைக்குக்கூட என் வாய் அவ்வளவு கசக்கவில்லை.

கடையில் பாக்கெட் விதை கிடைக்கும். அது வேறு சாதி, குட்டைச் செடி, அவளுக்குத் தெரிந்துவிடும். அதே விதையைத் தேடி ஆனியில் சுந்தரபாண்டியம் போனேன். அவளுடைய அண்ணன் கையை விரித்துவிட்டார். "நாங்க எங்க மாப்ளே அதையெல்லாம் போடுதோம், இப்பம் முழுக்கத் தென்னைதான்" என்றார். பிறகு யோசித்து, முன்பு அவர் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஓர் அம்மா, என் மனைவியிடமே விதை வாங்கிப் போனதாகச் சொன்னார். இப்போது செண்பகத்தோப்புப் போகிற வழியில், பாரஸ்ட் செக்போஸ்டுக்கு முன்னால் ஆடு வளர்க்கிறாராம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்தேன்.

யாருடைய புருசன் என்று சொன்னதும், அந்த அம்மாள் ஆட்டுக் கொட்டகையின் கழியில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை இறக்கிக் காட்டினார். சாம்பலும் கிடையாது, வேப்பிலையும் கிடையாது. பாட்டில் முழுவதும் வண்டு. விதையைவிட வண்டு அதிகம் என்று தோன்றியது. ஆட்டு மூத்திர நாற்றத்தோடு அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனேன்.

"பூச்சி தின்னுருச்சே" என்றேன்.

"பாதி தின்னும், பாதி நமக்கு. ஓட்டை விழுந்தா என்ன, இந்த வெள்ளை மூக்கு தப்பிச்சா மொளைச்சிரும்" என்று ஒரு விதையை எடுத்து அந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் காட்டினார். "ஆமா, உங்க வீட்டம்மா கொடிக்கு என்ன வந்துச்சு? அவிய ஊனுனா கல்லுல கூட வருமே."

வறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவ்வளவு லேசாக வந்தது. ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றது, முன்பின் தெரியாத ஓர் ஆட்டுக்காரியிடம் தண்ணீர் மாதிரி வந்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வறுத்ததையா அவிய ஊனுனாக? அவியளுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டிலை என் கையில் வைத்து, "கொண்டுபோய்க் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். வாழைப்பழத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மூடி ஓட்டை வழியாக வண்டுகள் வெளியே வந்தன. என் சட்டைப் பையில், காலரில், கழுத்தில் ஊர்ந்தன. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளிலிருந்து ஒன்றைச் சுண்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் தட்டிவிடவில்லை. வண்டுகளை வைத்துவிட்டிருந்தால் பாதி விதை பிழைத்திருக்கும் என்பதே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டு பாதியாவது விட்டுவைத்திருக்கும். நான் ஒன்றைக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முறத்தில் கொட்டி, வண்டை விரலால் ஒதுக்கி, மூக்குத் தப்பிய விதைகளைப் பொறுக்கி வைத்தேன். அவள் வந்து நின்று பார்த்தாள். நான் விரலால் வண்டைத் தொடுவதைப் பார்த்ததுமே ஏதோ விவகாரம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி, சட்டி, வாசனை, புதுச் சாம்பல், ஒன்று விடாமல்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா வைஞ்சிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அம்புட்டுதான். ஒரு வருசமா சோத்தைப் பிசையக் கூட என் கை எனக்கே அசிங்கமா இருந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடி வந்தது. விதையை அவள் முன் வைத்தேன். தொடவில்லை. "நீங்க கொண்டாந்தது, நீங்களே ஊனுங்க" என்றாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. நானே ஆறு குழியிலும் ஊன்றினேன். ஐந்தாம் நாள் எல்லாக் குழியிலும் மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது, ஓட்டை விழுந்த விதை உட்பட.

பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு ஊனுனது?" என்று கேட்டாள். நான் என்று சொன்னதும், "அண்ணாச்சி கைக்கு இம்புட்டு ராசியா, இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே" என்றாள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ராசியும் இல்லை, மண்ணும் இல்லை, போன வருடம் நான்தான் விதையை வறுத்துக் கெடுத்தேன், அக்கா கையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கிடுதீங்க. யாரு அண்ணாச்சி வெதையைப் போயி வறுப்பா?" என்றாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் இதுதான் பேச்சு. எப்படிப்பட்ட மனுசன், பொண்டாட்டிமேல் எவ்வளவு பாசம். எதிர்வீட்டு அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் குழி தோண்டி வைத்துவிட்டு, முதல் விதையை ஊன்ற என்னைக் கூப்பிட வந்தாள். அக்காவைக் கூப்பிடு என்றேன். அவள் சங்கடமாக உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கூப்பிடுதாகள்ல. போயிட்டு வாங்க."

போனேன். நாலைந்து பெண்கள் சுற்றி நிற்க, மூன்று விதையை வைத்து மண்ணை மூடினேன். அவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் பின்வாசலில் செம்போடு நின்றாள். நான் கையை நீட்டினேன். தன் கை என் கையில் பட்டுவிடாமல், கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றினாள்.